காலண்டரில் செத்தவன்

உங்கள் ஸ்டேஷன் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர் எங்கள் கம்பெனியுடையதுதான் சார். ஒரு வாரமாகத் தாள் கிழிக்காமல் இருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. டிசம்பரில் எங்கள் ஆட்கள் கொண்டுவரும்போது எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்குவார்கள். பொங்கல் போனதும் யாருக்கும் கிழிக்க ஞாபகம் வராது.

அந்த அட்டையை ஒரு தடவை பாருங்கள். மேலே வட்டத்துக்குள் இருப்பவர் ராஜம்மாள், எங்கள் முதலாளி ராமகிருஷ்ணனின் தாயார். அந்த அம்மா பெயரில்தான் மில், மில் பெயரில்தான் கடலை எண்ணெய் டின். கீழே ஓரத்தில் மீசை வைத்த ஓர் இளைஞன் இருக்கிறான். 'ஆலைக்காக உயிர் நீத்த அமரர் வேடியப்பன், கீழ்பென்னாத்தூர்' என்று போட்டிருக்கும். அந்த வரி நான் எழுதியது.

நீங்கள் என்னைக் கூட்டிவந்தது முதலாளியின் கொலை விஷயமாக. தெரியும். சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அட்டையில் கீழே இருக்கிற ஆளிலிருந்து ஆரம்பித்தால்தான் கோர்வையாக வரும். ரைட்டர் ஐயாவுக்கும் எழுதிக்கொள்ளச் சுலபம்.

என் பெயர் சகாதேவன். எம்.ஏ. தமிழ். வாரப் பத்திரிகைகளில் பதினோரு சிறுகதைகள் வந்திருக்கின்றன. எண்பத்தொன்பதில் ராஜம்மாள் ஆயில் மில்லில் விளம்பரம் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். 'தாளிக்கும்போதே தெரியும்' என்று டின்னில் போட்டிருக்கிறதே, அதுவும் நான்தான்.

தொண்ணூற்று மூன்றில் மில்லில் ஸ்ட்ரைக். பத்தொன்பது நாள் ஆகியும் முடியவில்லை. எண்ணெய் பிழிகிற எக்ஸ்பெல்லர்கள் நின்றுவிட்டன. செங்கம் ரோடு வரைக்கும் கடலை மூட்டை லாரிகள் வரிசையாக நின்று மழையில் நனைந்தன. இருபதாம் நாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சகா, நீ கத எழுதுற ஆளுதானே. இவனுங்களுக்கு எதனா எழுதிக் குடுய்யா. மில்லுன்னா சும்மா மிசின் இல்ல, ரத்தம் சிந்தி கட்டினதுன்னு தெரியணும்."

"ரத்தம் சிந்தியிருக்கா முதலாளி?"

"இருக்கும்யா. தேடு."

அவரையே குடைந்து குடைந்து கேட்டதில் ஒரு தீ விபத்து கிடைத்தது. எழுபத்தொன்றாம் வருஷம், மில் ஆரம்பித்த மறு வருஷம், எக்ஸ்பெல்லர் அறை பற்றி எரிந்திருக்கிறது. வேடியப்பன் என்று ஒரு பையன் உள்ளே இருந்திருக்கிறான்.

"கை வெந்துபோச்சு. அனுப்பிட்டேன்" என்றார் முதலாளி.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். நான் என்ன அவனுக்கு லெட்டர் போட்டுக்கினா இருந்தேன்?"

கை வெந்து பஸ் ஏறிப் போனவனை வைத்து ஒன்றும் எழுத முடியாது சார். அப்படி ஒரு கதையைப் பத்திரிகைக்கு அனுப்பினால் தபால்தலையோடு திரும்பி வந்துவிடும். ஆகவே அவனை நான் சாகடித்தேன். தாளில்தான். இரண்டே நாளில் பன்னிரண்டு பக்கம். வேலை முடிந்து கேட்டைத் தாண்டிவிட்ட வேடியப்பன் புகையைப் பார்த்துத் திரும்பி ஓடிவருகிறான். உள்ளே மாட்டிக்கொண்ட நான்கு பேரைத் தோளில் தூக்கி வெளியே போடுகிறான். ஐந்தாவது முறையும் போகிறான். எதற்காக? சுவரில் மாட்டியிருந்த ராஜம்மாள் படத்துக்காக. மறுநாள் சாம்பலை விலக்கியபோது அந்தப் படம் அவன் மார்புக்கும் தரைக்கும் நடுவில் கருகாமல் இருக்கிறது. அதோடு முடித்துவிட்டேன்.

மில் கேட்டில் மைக் வைத்து நானே படித்தேன். தோல் நீக்குகிற செக்ஷன் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். சங்கத் தலைவர் அன்பரசன் பேசுவதற்காக மேடைப் பெஞ்சில் ஏறி, பேசாமல் இறங்கிவிட்டார். மூன்றாம் நாள் எல்லாரும் வேலைக்கு வந்தார்கள். கூலி உயர்வு அதற்கப்புறம் பேச்சில் வரவில்லை.

ஆச்சரியம் அதுவல்ல. முதலாளியும் அழுதார். "இப்பிடியா செத்தான் அந்தப் பையன்? எனக்கே தெரியாமப் போச்சே சகா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை வெந்த பையனை அனுப்பியது தான்தான் என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. நடிப்பு இல்லை சார். அழுகையில் நடிப்பு எனக்குத் தெரியும்.

ஒரு வியாபாரத்துக்கு முதல் வேண்டும், சரக்கு வேண்டும். கொஞ்சம் பெரிசாக வளர வேண்டுமென்றால் ஒரு கதையும் வேண்டும். முதல் இரண்டும் ஊரில் பத்து மில்லுக்கு இருந்தன. மூன்றாவது எங்களிடம் மட்டும் இருந்தது. தேரடித் தெருவில் சினிமா பேனர் வரைகிறவரை வைத்து ஒரு முகம் வரைந்தோம். ஆபீஸ் வாசலில் மாலை, சீரியல் பல்பு. புதிதாக வேலைக்குச் சேருகிறவன் அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வருஷம் முழுக்க லீவு எடுக்காதவனுக்கு வேடியப்பன் நினைவுப் பரிசு. சென்னையிலிருந்து ஒரு நிர்வாகவியல் கல்லூரி வாத்தியார் வந்து குறிப்பு எடுத்துப் போனார். தொண்ணூற்று ஐந்தில் வெள்ளி விழா வந்தது. கம்பெனி சரித்திரத்தைப் புத்தகமாக எழுதச் சொன்னார்கள். ஏழாம் அத்தியாயம் வேடியப்பன். மற்ற அத்தியாயங்களை யாரும் படிக்கவில்லை, அது எனக்கும் தெரியும்.

காலண்டரில் போடலாம் என்றதும் என் யோசனைதான். "வூட்ல மாட்டற காலண்டர்ல செத்தவன் படமா?" என்று சேல்ஸ் ஆட்கள் முணுமுணுத்தார்கள். முதலாளி ஒரே பேச்சில் அடக்கிவிட்டார். ஜில்லா முழுக்க நாற்பதாயிரம் காலண்டர்.

இந்த வருஷம் பங்குனி மாதம் ஒருநாள் மத்தியானம் என் அறைக்கு ஒருவர் வந்தார். நரைத்த தலை, தொப்பை, வெள்ளைச் சட்டை. இடது கை முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி பளபளவென்று இருந்தது.

"யாருங்க வேணும்?"

"நான்தான் சார் வேடியப்பன். உங்க காலண்டர்ல செத்துப்போனவன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பெங்களூர்ல கட்டட வேலை சார். மேஸ்திரியா இருக்கேன். பொண்ணு தனத்துக்கு மாப்பிள்ள பாக்கலாம்னு ஊருக்கு வந்தேன். போளூர்லேர்ந்து வந்தாங்க. காபி குடிச்சாங்க, கேசரி சாப்ட்டாங்க. அப்புறம் பையனோட சித்தப்பா பைலேர்ந்து காலண்டர எடுத்து நடு வூட்ல வெச்சாரு. பொண்ணோட அப்பா செத்துட்டாருன்னு போட்டிருக்கே, அப்ப நீ யாருய்யான்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னாத்த சொல்றது? ரேஷன் கார்டக் காட்டினேன். கார்டுல பேர் எடுக்காம உட்டிருப்பாங்கன்றாரு. என் பொண்டாட்டி ஒரே அழுகை. தாலியோட இருக்கச்சொல்ல இப்பிடிப் போட்டுட்டாங்களேன்னு."

என் மேஜையில் இருந்த காலண்டரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். "மீச மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சுட்டீங்க சார். எனக்கு அந்த வயசுல இவ்ளோ கெடையாது."

நான் நிதானமாகத்தான் பேசினேன். அந்தப் பக்கத்தில் வேடியப்பன் என்கிற பெயர் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும், குலசாமி பெயர். அது வேறு வேடியப்பன் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சொல்லிப் பாத்தேன் சார். மில்லுல வெந்தவன் ஊர்ல நான் ஒருத்தன்தானே." கையைத் திருப்பிக் காட்டினார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கம்பெனி லெட்டர்ல, இந்த ஆள் உசுரோட இருக்கான்னு எழுதி முதலாளி ஒரு கையெழுத்து போட்டா போதும். அதக் காட்டிட்டு கல்யாணத்த முடிச்சிக்கிறேன்."

பிறகு, நான் கேட்காமலே, அந்தத் தீயைப் பற்றிச் சொன்னார். நான்கு பேர் கிடையாது, அவர் ஒருத்தர்தான் உள்ளே இருந்தாராம். வேலை நேரத்தில் எண்ணெய் வெளியே போய்விடக் கூடாது என்று முதலாளி வெளியில் பூட்டுப் போட்டுவிட்டுப் போவது வழக்கமாம். ஓட்டைப் பிரித்துக்கொண்டு கூரை வழியாகக் குதித்தாராம். கோபமாகச் சொல்லவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

"டீக்கடைல உங்க புக்கைப் படிச்சுக் காட்டினாங்க சார். நானே அழுதுட்டேன், தெரியுமா. என்னைப் பத்திதான்றதே மறந்துபோச்சு."

அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்துப்போனது. லெட்டர்தானே, கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

"கடைசில போட்டோவுக்குன்னு நெருப்புல பூந்து சாவறது மட்டும் கொஞ்சம் ஓவர் சார். எவனாச்சும் போவானா?"

டீக்கடையில் எல்லாரும் அந்த இடத்தில்தான் சிரித்தார்களாம்.

இதை ஒரு விவரமாகத்தான் சொல்கிறேன். நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் யோசித்தது அறுநூறு தொழிலாளர்களை. கம்பெனி இந்த வருஷம் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பதாக இருந்தது. தினமும் காலையில் கும்பிடுகிற படம் உயிரோடு கேட்டில் வந்து நின்றால், வெளியில் பூட்டின கதையைச் சொன்னால், மறுபடியும் ஸ்ட்ரைக் வரும். அறுநூறு அடுப்பு அணையும். எதிரே ஒரே ஒரு ஆள். அவரும் அச்சில் ஏற்கெனவே இறந்தவர். நாற்பதாயிரம் காலண்டரையும் ஐயாயிரம் புத்தகத்தையும் திருத்துவது சுலபமா, ஒரு ஆளைத் திருத்துவது சுலபமா? நீங்களே சொல்லுங்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு வரச் சொன்னேன். அன்றைக்கு மில் லீவு. வருஷா வருஷம் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு கம்பெனி சார்பில் அன்னதானம் நடக்கும், மொத்த ஆட்களும் அங்கே போய்விடுவார்கள். பாய்லர் மட்டும் சின்னத் தணலில் இருக்கும், முழுசாக அணைத்தால் மறுபடி சூடேற ஒருநாள் ஆகும். பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவனையும் 'போய் சாப்பிட்டுட்டு வாப்பா, நான் இருக்கேன்' என்று அனுப்பிவைத்தேன்.

மூன்று மணிக்கு வேடியப்பன் வந்தார். சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம், கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். லெட்டரை நான் உண்மையாகவே டைப் அடித்து வைத்திருந்தேன். முதலாளி கையெழுத்தை நானே போட்டிருந்தேன், நன்றாக வந்திருந்தது. பாய்லர் வாசலில் வெளிச்சத்துக்காக நின்று, எழுத்துக்கூட்டி சத்தமாகப் படித்தார். 'மேற்படி வேடியப்பன் நல்ல உடல்நலத்துடன் உயிரோடு இருக்கிறார் என்று இதனால் சான்றளிக்கிறேன்.' நான்காக மடித்து விபூதிப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டார்.

"இந்த பாய்லர் அப்ப இல்ல சார். புச்சா?" என்று திரும்பிப் பார்த்தார்.

தணல் கிளறுகிற கம்பி ஏழடி நீளம், நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். எழுதும்போது இந்த மாதிரி காரியம் ஒரே வரியில் முடிந்துவிடும். நிஜத்தில் மூன்று அடி தேவைப்பட்டது. முதல் அடி தோளில் பட்டது, அவர் கோபப்படவில்லை, யாரோ தவறுதலாக இடித்துவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். இரண்டாவது காதுக்கு மேலே. மண்டியிட்டு, "சார், பொண்ணு" என்றார். மூன்றாவதில் பேச்சு நின்றது. மூச்சு நிற்கவில்லை.

நான்காவது அடி அடிக்கவில்லை. அத்தியாயத்தில் அவர் நெருப்பில்தான் இறந்தார்.

பாய்லர் வாய் இரண்டடிக்கு இரண்டடி. கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு தடவை அந்தச் சுருங்கின கை வாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டது, கம்பியால் விரல்களை எடுத்துவிட வேண்டியிருந்தது. எரிக்க வைத்திருந்த கடலைத் தோல் ஆறு மூட்டை போட்டேன். சத்தத்தை எழுத வேண்டாம் ரைட்டர் ஐயா, தேவையில்லை. தரையைக் கழுவி, எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்துக்கொண்டு ஐந்தரைக்கு அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தேன். இருட்டுகிற வரைக்கும் புளியோதரை பரிமாறினேன். "எங்கய்யா போன, வேர்த்துப் போயிருக்கியே" என்று முதலாளி என் தோளில் தட்டினார். ஒரு பக்தர் புளியோதரை பிரமாதம் என்றார்.

நான்காம் நாள் அந்தப் பெண் வந்தது. தனம். இருபது வயசு இருக்கும். அப்பா மில்லுக்குப் போறேன்னு சொன்னாரு சார் என்றது. வந்தார், லெட்டர் வாங்கிக்கொண்டார், அவசர வேலை என்று பெங்களூர் பஸ் ஏறிவிட்டார் என்றேன். நம்பவில்லை. வாரா வாரம் வந்தது. போளூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. கம்பெனியில் ஏதாவது வேலை போட்டுத் தரச் சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டேன். அது வாசலில் மாலை போட்ட படத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. "இது எங்கப்பா இல்ல" என்று மட்டும் சொன்னது.

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது சார். முதல்முறையாக என் அத்தியாயத்தில் பொய் இல்லை. வேடியப்பன் ராஜம்மாள் மில்லில் நெருப்பில் இறந்தார். எந்தக் கோர்ட்டிலும் சொல்லலாம்.

போன வாரம் பங்கு விற்பனை வேலையாக சென்னையிலிருந்து விஸ்வநாத் என்று ஒருவர் வந்தார். பங்கு வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற விளக்க அறிக்கையைத் தயாரிக்கிறவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என் புத்தகத்தைப் புரட்டினார். ஏழாம் அத்தியாயத்தில் நின்றார்.

"சார், மில்லுல ஆள் செத்திருந்தா தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு அப்பவே ரிப்போர்ட் போயிருக்கணும். போயிருக்கா? இல்லேன்னா நாளைக்கு எவனாவது கேஸ் போடுவான்."

முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. "அட, அது கதைங்க" என்றார். "இவன் சும்மா எழுதினது. அந்தப் பையன் கை வெந்து ஊருக்குப் போனான். எவனும் சாவல."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர் சார்.

விஸ்வநாத் அந்த இடத்திலேயே எழுதினார். 'தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஆலையில் உயிரிழப்பு எதுவும் இல்லை.' வாசலில் இருந்த படத்தைக் கழற்றினார்கள், சீரியல் பல்பைப் பிள்ளையார் சன்னதிக்குக் கொண்டுபோனார்கள். ஐயாயிரம் புத்தகத்தையும் எடைக்குப் போடச் சொல்லி உத்தரவு.

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு முதலாளி குடோனுக்கு வந்தார், புத்தகக் கட்டுகள் லாரியில் ஏறுவதைப் பார்க்க. லாரி இன்னும் வரவில்லை. நான் கட்டுகளை நைலான் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மொகத்த ஏன்யா அப்பிடி வெச்சிருக்க? அடுத்த புக்குக்கு வேற ஒண்ணு எழுது. எவனையும் சாவடிக்காத, அவ்ளோதான்."

"வேடியப்பன் செத்தாரு முதலாளி."

"லூசாய்யா நீ? நீதானே எழுதின."

நான் விளக்கமாகச் சொல்ல முயற்சி செய்தேன். தேதி, நேரம், ஆறு மூட்டை, எல்லாம். பாதியிலேயே அவர் கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். கயிறு கையில் இருந்தது. அறுபத்தெட்டு வயசு, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். எண்ணெய் மில்காரர், கழுத்து கெட்டியாக இருந்தது. காலால் கட்டுகளை உதைத்தார், இரண்டு கட்டு சரிந்து விழுந்தது. நடுவில் ஒருமுறை கயிற்றைத் தளர்த்தினேன்.

"வேடியப்பன் செத்தாருன்னு ஒரு தடவ சொல்லுங்க முதலாளி."

"செத்தான்" என்றார். "செத்தான்டா சகா, செத்தான்."

அதற்கு நான் நன்றி சொன்னேன். ஆனால் அதுக்குள் விஷயம் விட முடியாத இடத்துக்குப் போயிருந்தது. மறுபடி இறுக்கினேன். கண் மூக்கு எல்லாம் ரத்தமாகிவிட்டது. பிறகு கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன். லாரிக்காரன்தான் வந்து பார்த்து உங்களுக்குச் சொன்னது.

இரண்டும் கம்பெனிக்காகச் செய்ததுதான் சார். சொந்த விரோதம் எதுவும் கிடையாது. நான் ஓடவில்லை, மறைக்கவில்லை. விளக்க அறிக்கையில் தப்பாக அச்சாகப் போகிறது, அதைத் தடுக்கத்தான் இவ்வளவும் சொன்னேன். ஆலையில் ஒரு உயிரிழப்பு உண்டு. பாய்லர் சாம்பலைப் பின்பக்கக் குழியில் கொட்டுவார்கள், தோண்டிப் பாருங்கள், எலும்பு கொஞ்சமாவது இருக்கும்.

அந்தப் பெண் தனம் அப்பாவைத் தேடி வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக ஏட்டையா சொன்னார். அதுக்கு அழுகையை நிறுத்தத் தெரியவில்லையாம். குடோனில் இன்னும் புத்தகம் இருக்கிறது, ஒன்று எடுத்துவரச் சொல்லுங்கள். ஏழாம் அத்தியாயத்தை நானே நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுகிறேன். அப்பா எப்படி இறந்தார் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? பாய்லர் விஷயத்தை யாரும் அதுகிட்ட சொல்லாதீர்கள் சார். என்னுடையதில் அவர் ரொம்ப நன்றாகச் செத்திருக்கிறார்.